கமெண்ட் படித்தால் கருத்து மாறுமா?

பிப்ரவரி 11

வாசகர் ஒருவரின் கேள்வி: "கமெண்ட் படித்து யாரும் கருத்தை மாற்றிக்கொள்வதில்லை. வீடியோ பிடித்தவருக்குப் பிடிக்கும், பிடிக்காதவருக்குப் பிடிக்காது. கீழே நடப்பது வெறும் அரட்டை. இதை மறுக்க யாரிடமாவது ஆதாரம் உண்டா? 'எனக்குத் தோன்றுகிறது' வகை வேண்டாம்."

பிப்ரவரி 11, இரவு

மறுக்கிறேன். நான் கணக்குப் பாட வீடியோ போடுகிறவன். ரசனைக்கோ அபிப்பிராயத்துக்கோ இடமே இல்லாத விஷயம், விடை சரி அல்லது தப்பு, அவ்வளவுதான் என்று நம்பித்தான் ஆரம்பித்தேன்.

முக்கோணவியலில் ஒரு நிரூபணம். வீடியோ போட்டுச் சில வாரம் ஒரு பிரச்சினையும் இல்லை. "நன்றி சார்", "புரிந்தது", "அடுத்த பாடம் எப்போது" என்று வழக்கமான கமெண்டுகள். பிறகு ஒருவர் வந்து, "மூன்றாவது வரி தவறு, குறி மாறியிருக்க வேண்டும்" என்று எழுதினார். வரி சரிதான். குறி மாற வேண்டியதில்லை. ஆனால் அந்த கமெண்டுக்கு லைக் ஏறியது. அதன் கீழே "ஆமாம், எனக்கும் அங்கே இடித்தது" என்று ஒருவர். "நல்லவேளை சொன்னீர்கள்" என்று இன்னொருவர்.

30 டிகிரியைப் போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமமாக வந்துவிடும். ஒரு நிமிட வேலை. எழுதியவர்களில் ஒருவரும் போட்டுப் பார்த்த மாதிரி தெரியவில்லை. நானே போட்டுக் காட்டிப் பதில் எழுதினேன். அது "பதில்கள்" என்ற மடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதைத் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

வேடிக்கை இதற்கு அப்புறம்தான். புதிதாக வந்த ஒருவர், "பாடம் நல்லா இருக்கு, ஆனா அங்கங்கே தவறுகள்" என்று எழுதிவிட்டுப் போனார். இல்லாத ஒரு தவறு பன்மையாகிவிட்டது.

பிப்ரவரி 12

"உங்கள் ஒரு வீடியோ ஆதாரம் ஆகாது" என்கிறார் கேட்டவர். நியாயம். சோதனைகளுக்கு வருகிறேன்.

2010-ல் ஜோசப் வால்தரும் உடன் ஆய்வாளர்களும் நேரடியாக யூடியூப் கமெண்டையே எடுத்துச் சோதித்தார்கள். கஞ்சாவுக்கு எதிரான விழிப்புணர்வு விளம்பரங்கள். ஒரு பகுதியினருக்கு விளம்பரத்தை ஆதரிக்கும் கமெண்டுகளோடு, இன்னொரு பகுதியினருக்குக் கேலி செய்யும் கமெண்டுகளோடு காட்டினார்கள். விளம்பரத்துக்கு மக்கள் கொடுத்த மதிப்பு கமெண்டைப் பொறுத்து மாறியது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. கமெண்ட் எழுதியவர்களைத் தங்களைப் போன்றவர்கள் என்று பார்ப்பவர் எந்த அளவுக்கு நினைத்தார் என்பதும் விளைவை மாற்றியது. "நானும் பத்தாவதுதான் படிக்கிறேன், எனக்கும் புரியவில்லை" என்று ஒரு மாணவர் எழுதினால் மற்ற மாணவர்களிடம் அது போய்ச் சேரும் வேகத்தில், ஒரு பேராசிரியர் எழுதும் நீண்ட விமர்சனம் சேருவதில்லை. இது என் அனுபவத்தோடு பொருந்துகிறது.

பிப்ரவரி 12, கொஞ்ச நேரம் கழித்து

கணக்கு மாணவர்கள் கண்முன் இருக்கும் வரியையே எப்படித் தவறு என்று ஒப்புக்கொண்டார்கள் என்று ஒருவர் கேட்கிறார். இதற்கு உளவியலாளர் சாலமன் ஆஷின் 1950-களின் சோதனைகளைத் தாண்டி நான் எதுவும் புதிதாகச் சொல்லிவிட முடியாது. ஒரு கோடு, பக்கத்தில் மூன்று கோடுகள். எது சம நீளம் என்று சொல்ல வேண்டும், குழந்தையும் சொல்லிவிடும். அறையில் இருந்த மற்றவர்கள் எல்லாரும் ஏற்பாட்டின்படி தப்பான விடையையே சொன்னார்கள். சோதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு போனார்கள்.

ஆனால் அதே ஆஷ் இன்னொன்றும் கண்டார். அறையில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், கூட்டத்தோடு போவது வெகுவாகக் குறைந்துவிட்டது. என் வீடியோவில் அந்த ஒரே ஒருவர் மடிப்புக்குள் கிடந்தார்.

பிப்ரவரி 14

அந்த வரி சரி என்று தெரிந்தவர்கள் இருந்திருக்க வேண்டுமே, அவர்கள் ஏன் பேசவில்லை?

இருந்தார்கள். பிறகு இரண்டு மாணவர்கள் தனியாக மின்னஞ்சலில் எழுதினார்கள்: வரி சரிதான், ஆனால் அத்தனை பேர் சொல்லும்போது எதற்கு வம்பு என்று விட்டுவிட்டோம். ஜெர்மன் ஆய்வாளர் எலிசபெத் நோயல் நோய்மன் 1974-ல் இதை மௌனச் சுழல் என்று சொன்னார். தான் சிறுபான்மை என்று நினைப்பவர் வாயை மூடிக்கொள்கிறார். அவர் மூடியதால் அந்தப் பக்கம் இன்னும் சின்னதாகத் தெரிகிறது. அதைப் பார்த்து அடுத்தவரும் மூடிக்கொள்கிறார். அவர் சொன்னது பொதுக் கருத்து, தேர்தல் பற்றி. முக்கோணவியலுக்கும் ஆகும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

பிப்ரவரி 14

இரண்டு மாணவர்களும் மிகவும் நன்றாகப் படிப்பவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். தெரியாதவர்கள் தைரியமாக எழுதுகிறார்கள். சரி, இது பழைய புலம்பல், விடுங்கள்.

பிப்ரவரி 17

கேட்டவர் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்: "மற்றவர்களுக்கு மாறலாம். நான் கமெண்ட் படித்து மாறுகிற ஆள் இல்லை."

இதற்கும் பெயர் இருக்கிறது என்று சொன்னால் கோபிக்கக் கூடாது. சமூகவியலாளர் பிலிப்ஸ் டேவிசன் 1983-ல் எழுதியது, மூன்றாம் நபர் விளைவு. ஊடகம் என்னைவிட மற்றவர்களைத்தான் அதிகம் பாதிக்கும் என்று எல்லாரும் நம்புகிறார்கள். எல்லாரும் என்பதில் நானும் உண்டு.

பிப்ரவரி 18

நேற்றைய குறிப்பு கொஞ்சம் கிண்டலாகிவிட்டது. உள்ளே இருக்கும் கேள்வி நல்ல கேள்வி: கருத்து மாறுகிறதா, வேறு ஏதாவது மாறுகிறதா?

இன்னொரு வீடியோவைச் சொல்கிறேன். நான் பேசுவதற்குப் பின்னால் சுவரில் ஒரு கடிகாரம், ஓடாத கடிகாரம். நான் கவனிக்கவே இல்லை. ஒருவர் எழுதினார்: "பாடம் முடிந்தும் சாருக்கு இன்னும் பத்து மணிதான்." என் சேனலிலேயே அதிக லைக் வாங்கிய கமெண்ட் அதுதான். அதற்கு முன்னால் வந்த கமெண்டுகளில் ஒருவர்கூடக் கடிகாரத்தைப் பேசவில்லை. அதற்குப் பிறகு பாதி பேர் கடிகாரத்தைப் பார்க்க வந்தவர்கள்.

இவர்களில் யாருக்கும் பாடத்தின் மேல் கருத்து மாறவில்லை. பிடித்திருந்தது, சிரித்தார்கள், போனார்கள். ஆனால் அவர்கள் பார்த்த வீடியோ வேறு வீடியோ. கண் எங்கே போக வேண்டும் என்பதைக் கீழே இருந்த ஒரு வரி முடிவு செய்துவிட்டது. கருத்து மாறியதா என்று மட்டும் கேட்டால் இது தப்பிவிடுகிறது. நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன்னாலேயே எதைப் பார்த்தார்கள் என்பது தீர்மானமாகிவிட்டது. மூன்றாவது வரி விவகாரமும் அடிப்படையில் இதுதான். "அங்கே தப்பு" என்று படித்துவிட்டு வருபவர் மூன்றாவது வரிக்காகக் காத்திருந்து, வந்ததும் புருவத்தைச் சுருக்குகிறார். சுருக்கியதே அவருக்கு ஆதாரம்.

ஜப்பானின் நிகோநிகோ தளம் 2006-லிருந்து கமெண்டுகளை வீடியோவின் மேலேயே, அந்தந்தக் காட்சி வரும்போது ஓட விடுகிறது. சீனாவில் பிலிபிலியும் அப்படித்தான். அங்கே முதலில் வீடியோ, பிறகு கமெண்ட் என்ற வரிசையே கிடையாது. யூடியூபில் அந்த வரிசை இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். கைபேசியில் பாருங்கள், தலைப்புக்குக் கீழே ஒரு கமெண்டின் முதல் வரி எட்டிப் பார்க்கும். நான் வாய் திறப்பதற்குள் அதைப் படித்துவிடலாம்.

பிப்ரவரி 18, இரவு

கடிகாரத்துக்கு பேட்டரி போட்டேனா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கழற்றிவிட்டேன். இப்போது "கடிகாரம் எங்கே?" என்று வருகிறது.

பிப்ரவரி 21

"மேலே ஏறுகிற கமெண்ட் நல்ல கமெண்டாகத்தான் இருக்கும், நிறையப் பேர் லைக் போட்டிருக்கிறார்களே" என்று ஒருவர். இதை அப்படியே விட முடியாது.

2013-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு: லெவ் முச்னிக், சினான் அரல், ஷான் டெய்லர். ஒரு செய்திப் பகிர்வுத் தளத்தில் 1,01,281 கமெண்டுகள். எழுதப்பட்ட உடனே, தரம் பார்க்காமல், கிட்டத்தட்டக் காசு சுண்டிப் போடுகிற மாதிரி, சிலவற்றுக்கு ஒரே ஒரு ஆதரவு ஓட்டுப் போட்டார்கள், சிலவற்றுக்கு ஒரே ஒரு எதிர்ப்பு ஓட்டு, மற்றவற்றைத் தொடவில்லை. ஆதரவு ஓட்டு விழுந்தவை முடிவில் சராசரியாக 25 சதவீதம் அதிக மதிப்பெண்ணோடு நின்றன. ஓர் ஓட்டு! அதுவும் கமெண்டைப் படிக்காமல் போட்ட ஓட்டு.

எதிர்ப்பு ஓட்டு அப்படி வேலை செய்யவில்லை. அநியாயமாக இறக்கப்பட்டதைப் பார்த்தவர்கள் தூக்கிவிட்டுச் சரிசெய்தார்கள். ஏற்றிவிட்டதை இறக்கிச் சரிசெய்ய ஆள் வரவில்லை. இந்தச் சமமின்மையை நான் அடிக்கடி யோசிக்கிறேன். திட்டு வாங்குபவருக்குப் பரிந்து பேச ஆள் கிடைக்கும். தகுதிக்கு மேல் புகழப்படுபவரைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஆக, ஒரு வீடியோவின் கீழே சந்தேகப்பட வேண்டியது வசையைவிடப் பாராட்டைத்தான் என்று எனக்குப் படுகிறது.

பிப்ரவரி 21

இதோடு சேர்த்து: 2006-ல் மாத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஒரு இசைத் தளம் கட்டினார்கள். பிரபலமாகாத குழுக்களின் 48 பாடல்கள், 14,341 பேர். கேட்பவர்களைத் தனித்தனி உலகங்களாகப் பிரித்தார்கள். ஓர் உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் பதிவிறக்கம் செய்தார்கள் என்பது இன்னோர் உலகத்துக்குத் தெரியாது. தன் உலகத்தின் எண்ணிக்கை மட்டும் தெரிந்த இடங்களில் வெற்றி பெற்ற பாட்டுக்கும் தோற்ற பாட்டுக்கும் இடைவெளி பெருகியது. எது வெல்லும் என்பதும் உலகத்துக்கு உலகம் மாறியது. மிக நல்ல பாட்டு அடியோடு தோற்பதும், மிக மோசமானது உச்சிக்குப் போவதும் அரிது. நடுவில் இருப்பவைதான் அதிர்ஷ்டத்தின் கையில். என் வீடியோக்கள் எல்லாம் நடுவில் இருப்பவை.

பிப்ரவரி 23

ஒருவர் சுருக்கமாக: "அந்தக் காலத்தில் கமெண்ட் கிடையாது, மக்கள் சொந்தமாக ரசித்தார்கள்."

இல்லை. 1820-ல் பாரிசில், நாடகத்துக்குக் கைதட்ட ஆள் அனுப்பும் அலுவலகமே திறந்திருந்தார்கள். கைதட்டும் கூட்டத்துக்குள்ளேயே வேலைப் பிரிவினை உண்டு. நகைச்சுவைக்குச் சிரிக்க ஒருவர், சோகக் காட்சியில் கைக்குட்டையை எடுக்கப் பெண்கள், "இன்னொரு முறை!" என்று கத்த ஒருவர். பிறகு தொலைக்காட்சியில் 1950-களில் சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் ஒரு பெட்டி செய்தார். பொத்தானை அழுத்தினால் சிரிப்பு வரும். இப்போது போலிக் கமெண்ட் காசுக்குக் கிடைப்பதைப் பார்த்து அதிர்ச்சி அடைபவர்களிடம் நான் இந்த அலுவலகத்தைத்தான் சொல்வது.

அந்தக் கைக்குட்டைப் பெண்களுக்குக் கூலி அதிகமா என்று தெரிந்தவர் சொல்லுங்கள்.

பிப்ரவரி 26

வசை பற்றி இதுவரை எதுவும் சொல்லவில்லையே என்கிறார்கள். பாராட்டைச் சந்தேகப்படுங்கள் என்று 21-ம் தேதி எழுதியதற்கு எதிர்ப் பக்கம் இது.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டொமினிக் ப்ரொசார்டும் டீட்ரம் ஷூஃபெலேயும் குழுவாகச் செய்த சோதனை. நானோ வெள்ளி என்ற தொழில்நுட்பம் பற்றிய ஒரே கட்டுரை, 1,183 பேர். சிலருக்கு நாகரிகமான கமெண்டுகள், சிலருக்குத் திட்டும் கமெண்டுகள். வாதம் ஒன்றுதான், வசை மட்டுமே வித்தியாசம். திட்டைப் படித்தவர்கள் அந்தத் தொழில்நுட்பத்தின் ஆபத்து பற்றி இரண்டாகப் பிரிந்தார்கள். முன்பே ஆதரவாக இருந்தவர் இன்னும் ஆதரவாக, சந்தேகத்தோடு இருந்தவர் இன்னும் சந்தேகமாக. 2013-ல் பாப்புலர் சயன்ஸ் இதழ் தன் தளத்தில் கமெண்ட் பகுதியையே மூடியபோது இந்த ஆய்வைத்தான் காரணமாகக் காட்டியது.

முதல் கேள்வி கேட்டவருக்கு இதில் பாதி வெற்றி என்று சொல்லலாம். பிடித்தவருக்குப் பிடிக்கும், பிடிக்காதவருக்குப் பிடிக்காது என்றார். ஆமாம், பக்கம் மாறவில்லை. ஆனால் இருந்த இடத்திலிருந்து ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். அது மாற்றம் இல்லை என்றால் எது?

பிப்ரவரி 27

என்னிடம் கணக்கு இல்லை, உணர்வுதான், இருந்தாலும் சொல்கிறேன். ஒரு கெட்ட வார்த்தைக் கமெண்ட் மேலே நிற்கும் நாட்களில், கீழே வரும் கேள்விகளின் தொனியும் மாறுகிறது. "எப்படி வந்தது?" என்று கேட்பவர்கள் "இதைக்கூட விளக்க மாட்டீர்களா?" என்கிறார்கள். கேள்வி ஒன்றுதான்.

மார்ச் 2

டிஸ்லைக் எண்ணிக்கையை 2021 நவம்பரில் யூடியூப் மறைத்தது பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. கூட்டமாகச் சேர்ந்து டிஸ்லைக் அடிப்பதிலிருந்து வீடியோ போடுபவர்களைக் காப்பது என்று காரணம் சொன்னார்கள். 2018-ஐத் தொகுத்துக் காட்டிய ரீவைண்ட் வீடியோ ஒரே வாரத்தில் கோடி டிஸ்லைக்கைத் தாண்டியது நினைவிருக்கும். யூடியூப் தானே வெளியிட்ட வீடியோ அது. காரணமும் தேதியும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து அவரவர் சிரித்துக்கொள்ளலாம்.

வீடியோ போடுபவனாக எனக்கு நிம்மதிதான். பார்ப்பவனாக இழப்பு. ஒரு கருவியைப் பிரித்து மாட்டுவது எப்படி என்று தேடும்போது, முன்பு டிஸ்லைக் அதிகமாக இருந்தால் பத்து வினாடியில் வெளியே வந்துவிடுவேன். இப்போது அதற்காகவே கமெண்டுக்கு இறங்குகிறேன். "வேலை செய்தது", "திருகு உடைந்துபோச்சு". எண் செய்த வேலையை வார்த்தை செய்கிறது. வித்தியாசம் என்னவென்றால், கமெண்டை வீடியோ போட்டவர் நீக்கலாம், சில சொற்களைத் தடுக்கலாம், தான் பார்த்து அனுமதித்த பிறகே வெளியே விடலாம். திருகு உடைந்தவரின் கமெண்ட் அங்கே இருக்கிறதா என்பது திருகை உடைக்க வைத்தவரின் மனசைப் பொறுத்தது. வீடியோவின் கீழே பாராட்டு மட்டும் இருந்தால் நான் இப்போதெல்லாம் வெளியே வந்துவிடுகிறேன்.

மார்ச் 3

அதற்கும் முன்னால் நட்சத்திரங்கள் இருந்தன, ஐந்துக்கு எத்தனை என்று. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஐந்துதான் கொடுக்கிறார்கள் என்று யூடியூபே 2009-ல் சொன்னது, 2010-ல் லைக், டிஸ்லைக் கட்டைவிரலுக்கு மாறியது. மூன்று நட்சத்திரம் கொடுக்கும் அளவுக்கு மட்டும் பிடித்தவர் பொத்தான் வரை போவதில்லை. கமெண்டும் அதே கதை. "பரவாயில்லை, சுமார்" என்று நினைத்தவர் எழுதவே மாட்டார். ஆனால் பார்த்தவர்களில் அதிகம் பேர் அவர்தான்.

மார்ச் 7

அப்படியானால் கமெண்டை மூடிவிடலாமே என்கிறார்கள். 2019-ல் சிறுவர்கள் தோன்றும் வீடியோக்களுக்கு யூடியூபே பெரும்பாலும் மூடியது, அது பாதுகாப்புக்காக, வேறு விஷயம். நார்வேயின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஆர்கே 2017-ல் செய்தது எனக்கு இதைவிடப் பிடித்தது. அதன் தொழில்நுட்பத் தளத்தில் சில கட்டுரைகளுக்குக் கமெண்ட் எழுத வேண்டுமானால், கட்டுரையிலிருந்து மூன்று சின்னக் கேள்விகளுக்குச் சரியான விடை சொல்ல வேண்டியிருந்தது. படித்திருந்தால் அரை நிமிடம்.

என் வீடியோவில் அதைச் செய்ய வசதி இல்லை. இரண்டு நாள் மூடி வைத்துவிட்டுத் திறந்து பார்க்கப் போகிறேன். முதலில் வருபவர்கள் கமெண்ட் இல்லாமல் பார்க்கட்டும்.

மார்ச் 10

திறந்தேன். முதல் கமெண்ட்: "ஏன் மூடினீர்கள்? என்ன மறைக்கிறீர்கள்?" மேலே ஏறிவிட்டது.

மார்ச் 11

அதன் கீழே நான் ஏன் மூடினேன் என்பது பற்றி ஐந்து கோட்பாடுகள். நான்காவது கொஞ்சம் நம்பும்படி இருந்தது.

மார்ச் 15

அடுத்த வீடியோவில் வேறு மாதிரி. மூடவில்லை. நானே முதல் கமெண்டாக ஒரு கேள்வி போட்டு, எப்போதும் மேலேயே நிற்கும்படி 'பின்' (pin) செய்தேன்: "இரண்டாவது படியில் வகுத்தோமே, அந்த எண் பூஜ்யமாக இருந்தால் என்ன ஆகும்?" வந்த கமெண்டுகளில் பெரும்பாலானவை அந்தப் படியைப் பற்றி. சண்டையும் உண்டு, ஆனால் வகுத்தலைப் பற்றிய சண்டை. ஒரு பெண் நான் யோசிக்காத ஒரு நிலையை எடுத்துக் காட்டினார், அதற்கே தனி வீடியோ போட வேண்டும்.

"நீங்களும் அதையேதானே செய்கிறீர்கள், கண்ணை இழுத்துக்கொண்டு போவது?" என்று முதலில் கேட்டவர் கேட்கிறார். ஆமாம், செய்கிறேன். நான் போடாவிட்டால் அந்த இடம் காலியாக இருக்கப்போவதில்லை. ஆனால் என் கேள்விக்கு வெளியே, நான்காவது படியில் ஒருவருக்குச் சந்தேகம் வந்திருந்தால் அவர் எழுதினாரா என்பது எனக்குத் தெரியவே வராது. அதனால் அடுத்ததில் கேள்வியை மூன்று நாள் மட்டும் 'பின்' செய்துவிட்டு எடுத்துவிடுகிறேன், பிறகு வருபவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்போம்.